நோவும் நோன்பும்

பத்து வகை அறங்களை எண்ணப் புகுந்த நம் ஆன்றோர் முதலாவதாக வைத்தது பொறையையே. அந்தப் பொறையின் பெயரால் இன்று நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்துள்ளது. அறுவை சிகிச்சைக்குச் செல்லும் சிராவகரும் சிராவகியரும் அபினி இனத்தைச் சேர்ந்த வலிநீக்கி மருந்தை ஏற்கலாமா? ஏற்றால் அது நோன்புக்கு இழுக்காகுமா? மறுத்தால் அது தவமாகுமா?

இஃது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. முன்னாளில் குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ அறுவை செய்துகொண்டவர் பல நாள் மருத்துவமனையில் படுத்திருப்பர். இக்காலத்தில் காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் ஒருநாள் அறுவை பெருகிவிட்டது. நாம் வாழும் உதகை காந்தலிலிருந்து விடியலில் புறப்பட்டுக் கோவைக்கு இறங்கி, அறுவை முடித்து, அன்றிரவே மலையேறி வந்துவிடுவோரும் உண்டு. அன்றிரவு முதல் அவர்தம் வலியைக் காக்கும் பொறுப்பு செவிலியரிடமிருந்து குடும்பத்தாரிடம் வந்து சேர்கிறது. எனவே எந்த மருந்து, எவ்வளவு, எதற்காக என்பதை நாமும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் ஏற்பதும், அறியாமல் மறுப்பதும் நற்காட்சி ஆகா.

ஐயங்கள் நான்கு

நம்மவர் எழுப்பும் ஐயங்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, அபினி போதைப் பொருள். கள்ளையும் மதுவையும் விலக்கிய நாம் அதன் இனத்தை மட்டும் எவ்வாறு ஏற்பது? இரண்டாவது, வலி என்பது அசாதா வேதனீய வினையின் பயன். அதனைத் துய்த்துக் கழிக்காமல் மருந்தால் அடக்குவது கடனை ஒத்திவைப்பது போல ஆகாதா? மூன்றாவது, மயங்கிக் கிடப்பது விழிப்பின்மை; விழிப்பின்மையே தீமைக்கு வாயில் அன்றோ? நான்காவது, மருந்துகளில் பிற உயிர்களிடமிருந்து பெற்ற பொருள்கள் கலந்துள்ளனவே, அதற்கு என் செய்வது?

நான்கும் நேர்மையான ஐயங்கள். விடை காணுமுன் மருந்தின் இயல்பை அறிந்துகொள்வோம். பொருளின் தன்மை அறியாமல் அதன்மேல் தீர்ப்புரைத்தல் நம் அநேகாந்த நெறிக்கு ஒவ்வாது.

கசகசாவும் அபினியும்

நம் சமையலறையில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவும் அபினியும் ஒரே செடியின் விளைவுகள். முதிர்ந்த காயினுள் இருக்கும் விதை கசகசா. முதிராத பசுங்காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்தால் அபினி. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர் இதனைப் பயிரிடுகின்றனர். நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளில் அது மருந்துக்காகப் பக்குவம் செய்யப்படுகிறது.

நீலகிரி மக்களுக்கு இத்தகைய செய்தி புதிதன்று. 1860ஆம் ஆண்டை ஒட்டித் தென்னமெரிக்காவிலிருந்து இம்மலைக்குக் கொண்டுவரப்பட்ட சின்கோனா மரம், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்ந்து, தன் பட்டையிலிருந்து காய்ச்சலுக்குக் கொயினாவைத் தந்தது. சின்கோனாப் பட்டையில் கொயினா இருப்பது போல, அபினிப் பாலில் இருப்பது மார்ஃபின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்டுர்னர் அதனைப் பிரித்தெடுத்து, கனவுக்குரிய கிரேக்கத் தெய்வத்தின் பெயரை அதற்குச் சூட்டினார். 1960ஐ ஒட்டி பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஜான்சென் என்பவர் ஃபென்டனிலை உருவாக்கினார். இது செடியிலிருந்து எடுப்பதன்று. ஆய்வுக்கூடத்தில் முழுதும் தொகுக்கப்படுவது. எனினும் உடலில் மார்ஃபின் தொடும் அதே வாயில்களைத் தொடுவதால் ஒரே இனமாக எண்ணப்படுகிறது.

வலியற்ற அறுவை என்பதே அண்மைக் காலத்தது. 1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைச் செலுத்தி, நோயாளி வலியால் துடிக்காமல் அறுவை நடைபெறக் காட்டினார். அதற்கு முன்னர் நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, மருத்துவர் விரைந்து அறுப்பதே வழக்கம். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் சிம்ப்சன் குளோரோஃபார்மை மகப்பேற்றுக்குப் பயன்படுத்தியபோது, வலியோடு ஈன்றெடுத்தலே இறைவன் விதித்தது என்று அங்குள்ள சமயப் பற்றாளர் சிலர் மறுத்துரைத்தனர். 1853இல் விக்டோரியா அரசியாரே மகப்பேற்றின்போது அதனை ஏற்றபின் எதிர்ப்பு தணிந்தது. நம் கேள்வி நமக்கு மட்டுமே உரியதன்று என்பதற்காக இதனைக் கூறினோம்.

மருந்துகளின் ஒப்பீடு

ஒருநாள் அறுவையில் மயக்கவியல் மருத்துவர் எதிர்கொள்ளும் சிக்கல் இதுதான்: கத்தி படும் வேளையில் வலி முழுதும் அடங்க வேண்டும்; அறுவை முடிந்ததும் நோயாளி தெளிந்து, எழுந்து, நீர் பருகி, நடந்து செல்லவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுபவை. அவற்றை இணக்குவதற்கே அவர் மருந்துகளை ஒப்பிட்டுத் தேர்கிறார்.

மார்ஃபின் அகல்விளக்கைப் போன்றது. நரம்புவழிச் செலுத்தினாலும் அதன் முழு ஆற்றல் வெளிப்பட ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். பின்னர் மூன்று, நான்கு மணி நேரம் நின்று காக்கும். பேரறுவைக்கும் நெடுநோய்க்கும் அது நற்றுணை. ஆயின் அரை மணி நேர அறுவைக்குப் பின்னும் உறக்கம், குமட்டல், அரிப்பு ஆகியவை தொடர்ந்தால் வீடு திரும்புவது எவ்வாறு? சிறுநீரகம் தளர்ந்த முதியோர் உடலில் அதன் வழிப்பொருள்கள் தேங்குவதும் உண்டு.

ஃபென்டனில் மெழுகுவத்தி போன்றது. சில நிமிடங்களில் ஆற்றல் காட்டி, ஒரு முறை சிறிதளவு கொடுத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கும். எடைக்கு எடை மார்ஃபினைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு வலிமையுடையது; ஆகவே ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தரப்படுகிறது. மீண்டும் மீண்டும் கொடுத்தால் கொழுப்பில் தங்கி நீடிக்கும். அளவோடு கொடுத்தால் ஒருநாள் அறுவைக்கு ஏற்றது. அதன் உடன்பிறப்பாகிய ஆல்ஃபென்டனில் இன்னும் விரைவானது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் தணிந்துவிடும்.

ரெமிஃபென்டனில் மின்விளக்கைப் போன்றது. 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குருதியிலும் திசுக்களிலும் உள்ள நொதிகளே அதனைச் சிதைத்துவிடுவதால், எவ்வளவு நேரம் செலுத்தியிருந்தாலும் நிறுத்திய ஐந்து, பத்து நிமிடங்களில் அதன் ஆற்றல் அகன்றுவிடும். தெளிவு விரைந்து வருகிறது. ஆனால் வலியும் உடன்வருகிறது. விளக்கை அணைத்தவுடன் இருள் சூழ்வது போன்றது இது. ஆகவே நிறுத்துவதற்கு முன்பே வேறொரு வலிநீக்கியைக் கொடுத்து வைத்தல் இன்றியமையாதது.

பெத்திடின் 1939இல் ஜெர்மனியில் அறிமுகமானது. ஒரு காலத்தில் எங்கும் வழங்கியது. அதன் வழிப்பொருள் உடலில் தேங்கினால் வலிப்பு நேரக்கூடும் என்பதால் இன்று பின்தங்கிவிட்டது. ட்ரமடால் ஆற்றலில் மென்மையானது. வீட்டுக்கு மாத்திரையாகவும் தரப்படுவது. ஆயினும் குமட்டலும் தலைச்சுற்றலும் அதில் மிகுதி. 2018 முதல் அதுவும் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது.

இவ்வினத்து மருந்துகள் யாவும் மூச்சைத் தளர்த்தக் கூடியவை. அதனாலேயே கண்காணிப்பின்றி இவற்றைத் தருவதில்லை. அளவு மிஞ்சினால் மீட்டெடுக்க நலோக்சோன் என்னும் மாற்று மருந்தும் உண்டு. மலைவாழ் மக்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். உதகை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சமவெளியின் முக்கால் பங்கைச் சற்றே மிஞ்சும். முதியோரின் மூச்சுக்கு இங்குக் கையிருப்புக் குறைவு. மேலும் மேட்டுப்பாளையத்துக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் நலமுடையோருக்கே குமட்டும். குமட்டல் தரும் மருந்தை ஏற்று, வயிற்றில் தையலோடு வருபவர் நிலை என்னாகும்? அன்றிரவு கோவையிலேயே தங்கி மறுநாள் ஏறி வருவதே நன்று.

ஆகவே வலிமை மிக்க மருந்தே சிறந்த மருந்து என்று கொள்ளலாகாது. வலி எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம் காத்து, பின்னர் மிச்சமின்றி விலகுவதே சிறந்தது. எந்த ஒரு மருந்தும் தனித்து நின்று இதனைச் செய்வதில்லை. அதனால் இன்றைய மருத்துவர் அறுக்கும் இடத்தை மரக்கச் செய்யும் ஊசி, பாரசிட்டமால், டைக்ளோஃபினாக் போன்றவற்றை முன்னிறுத்தி, அபினி இன மருந்தைக் குறைந்த அளவே துணையாகச் சேர்க்கின்றனர். சமணச் சான்றோராகிய கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என்று மருந்தின் பெயரையே சூட்டினார். அம்மருந்தில் ஏலம் ஒரு பங்கில் தொடங்கிச் சுக்கு ஆறு பங்கில் முடியும் எனக் கூறுவர். சரக்கைப் போலவே அளவும் மருந்து என்பது நமக்குப் பழைய பாடம்.

விடைகள்

இனி ஐயங்களுக்கு வருவோம். முதல் ஐயம் போதை பற்றியது. கள்ளுண்பவன் மயக்கத்தை நாடியே உண்கிறான். மயக்கமே அவன் பெறும் பயன். நோயாளி நாடுவது வலி நீக்கம். மயக்கம் அவர் விரும்பாத பக்கவிளைவு. முன்னது வேட்கையை வளர்க்கும். பின்னது தேவை தீர்ந்ததும் நின்றுவிடும். ஆனால் தேவை தீர்ந்த பின்னும் மாத்திரையைத் தொடர்பவர், அந்த எல்லைக் கோட்டைக் கடந்தவரே ஆவர். பொருளை மட்டும் நோக்கினால் வேற்றுமை புலப்படாது. நோக்கத்தையும் அளவையும் சேர்த்து நோக்கினால் புலப்படும்.

இரண்டாவது ஐயம் வினை பற்றியது. பசியும் அசாதா வேதனீயத்தின் பயனே. அதற்காக நாம் உண்ணாமல் விடுகிறோமா? குளிரும் அவ்வாறே, காந்தலின் மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்துவதை வினையை ஏய்ப்பது என்று எவரும் கூறார். வினை பயன் தருவதற்கும் இடம், காலம் முதலிய நிமித்தங்கள் வேண்டும் என்பதே நம் ஆகமக் கொள்கை. மருந்தும் ஒரு நிமித்தம். இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. உணவு, மருந்து, நூல், அபயம் என நான்கு தானங்களை இல்லறத்தார்க்கு விதித்தனர் நம் ஆசாரியர்கள். நோயைத் தணிப்பது வினை நெறிக்கு மாறு எனின், மருந்துத் தானம் எவ்வாறு அறமாகும்? கொடுப்பது அறமாயின் ஏற்பது குற்றமாகாது.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் பரீஷகங்கள் இருபத்திரண்டைக் கூறுகிறதே, நோயைப் பொறுத்தலும் அவற்றுள் ஒன்றன்றோ எனலாம். உண்மை. ஆனால் அவை நெறியினின்று வழுவாமைக்கும் வினை உதிர்வதற்கும் பொறுக்கத்தக்கவை எனப்படுகின்றன. அப்பொறையைத் தலைமயிர் பறித்தல் முதலிய ஒழுக்கத்தால் ஆண்டுக்கணக்கில் பழகியவர் முனிவர். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கல்வெட்டு இன்றும் போற்றுகிறது. அவர் நோன்பு தாமே தேர்ந்தது; மனம் அமைந்தபின் மேற்கொண்டது. அறுவை மேசையில் கிடக்கும் நாமோ பழகாதவர். அவ்வலியை நாம் தேர்ந்துகொள்ளவும் இல்லை. பழகாதவருக்கு மிகுவலி வந்தால் மனம் எங்குச் செல்லும்? அந்நூலே விடை தருகிறது. ஆர்த்தத் தியானம் நான்கனுள் ஒன்று வேதனையையே இடைவிடாது எண்ணிக் கலங்குவது. அது தீத்தியானம், புதுவினையை ஈட்டித் தருவது. வலியைப் பொறுத்துப் பழவினையைக் கழிப்பதாக எண்ணியவர், புலம்பியும் சினந்தும் புதுவினையைச் சேர்த்துக்கொண்டு எழுவாராயின் அவர் பெற்ற ஊதியம் யாது?

காந்தலில் நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவர் குடலிறக்க அறுவைக்குப் பின் மாத்திரை எதனையும் தொடவில்லை. "டீச்சரம்மா, இந்த நோவு நான் பண்ணின வினை. நானே தீர்த்துட்டுப் போறேன்" என்றார். வலியால் அவரால் இரும முடியவில்லை, ஆழ மூச்சிழுக்க முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் மார்பில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. அதற்கு உயிர்க்கொல்லி மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டியதாயிற்று. "ரெண்டு நாளா ணமோகார மந்திரம் பாதிக்கு மேல ஓடலை, அம்மா" என்று அவரே பிறகு வருந்தினார். அவருடைய உறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மந்திரத்தை முழுதும் சொல்ல இடந்தரும் மருந்து மந்திரத்துக்குப் பகையன்று என்பதே நாம் கூறுவது.

மூன்றாவது ஐயம் விழிப்புப் பற்றியது. சல்லேகனை ஏற்றவர் இறுதி மூச்சுவரை அறிவு தெளிந்திருக்க விழைவர். அவர் மயக்க மருந்தை விலக்குவதில் பொருள் உண்டு. ஒருநாள் அறுவையில் மறைந்த தெளிவு சின்னேரத்தில் திரும்பி வருகிறது. நாம் நாள்தோறும் உறங்கி எழுவதில்லையா? விரைவில் தெளிவு திரும்பும் மருந்தைத் தேர்வதே இவ்விடத்தில் விழிப்பைப் பேணுவது. வாய்ப்பிருந்தால் உறுப்பை மட்டும் மரக்கச் செய்து, விழித்தபடியே அறுவை செய்துகொள்ளும் வழியையும் கேட்கலாம்.

நான்காவது ஐயம் கடினமானது. ஃபென்டனிலில் உயிர்வழிப் பொருள் இல்லை. ஆனால் அதனோடு சேர்த்து வழங்கப்படும் புரோபோஃபால் என்னும் வெண்ணிற மயக்க மருந்தில் சோயா எண்ணெயுடன் முட்டையிலிருந்து எடுத்த லெசித்தினும் உண்டு. மாத்திரைக் குப்பிகள் பல ஜெலட்டினால் ஆனவை. இன்றைய மருந்துகள் விலங்குகளின்மேல் சோதிக்கப்பட்டே வந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. இல்லறத்தார் அறவே விலக்கத்தக்கது வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சை. ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தலே அவர்தம் கடமை. ஆகவே மாற்று உண்டா என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்போம், இருந்தால் ஏற்போம், இல்லையெனில் அவர் தேர்வை ஏற்று, அந்த வருத்தத்தை நெஞ்சில் வைத்துப் பிரதிக்கிரமணத்தில் நினைவுகூர்வோம். வருத்தமின்றி ஏற்பதும் தகாது. வருத்தத்தால் உயிரை இழப்பதும் தகாது.

மிகையும் குறையும்

அளவு தவறினால் நேர்வதை உலகம் இருபுறமும் கண்டுள்ளது. அமெரிக்காவில் 1990களின் இறுதி முதல் அபினி இன மாத்திரைகள் தாராளமாக எழுதித் தரப்பட்டன. பின்னர் கள்ளத்தனமாகச் செய்த ஃபென்டனில் பரவியது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இவ்வினப் பொருள்களால் அங்கு இறந்தவர் 80,000க்கும் மேற்பட்டோர். நம் நாட்டிலோ நிலை மாறானது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையாக இருந்தமையால், மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கவே அஞ்சின. அபினி விளைவிக்கும் நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலியால் கதறி மாண்டனர். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் ராஜகோபால் முதலியோர் வலி தணிப்பு மையம் தொடங்கி உழைத்தனர். அவர்களைப் போன்றோரின் முயற்சியால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை இன்றியமையா மருந்துகளாக ஏற்கப்பட்டன. ஒரு நாட்டில் மிகை கொன்றது. மறுநாட்டில் குறை வதைத்தது.

நம் இல்லங்களிலும் இக்குறை உண்டு. மகப்பேற்று அறுவையோ கருப்பை அறுவையோ முடிந்து வந்த மருமகள் வலி என்று முனகினால், "நாங்களெல்லாம் பொறுக்கவில்லையா?" என்று கேட்கும் குரலை நாம் அறிவோம். அக்குரலைப் பொறை என்று அழைக்க இயலாது. தன் நோவைத் தானே விரும்பி ஏற்பது பொறை. பிறர் நோவைத் தான் பொறுத்துக்கொண்டிருப்பது வன்கண்மை. நோன்பு ஏற்பவருக்கு உரியது. பிறர்மேல் ஏற்றப்படும் நோன்பு ஹிம்சையின் ஒரு வடிவமே.

நாம் செய்யத்தக்கவை

ஒருநாள் அறுவைக்குச் செல்வோர் சில செய்திகளை நினைவில் வைத்தல் நலம். ஏற்கெனவே உண்ணும் மருந்துகளையும், உறக்க மாத்திரை, மதுப் பழக்கம் இருப்பின் அவற்றையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுக. வாய்மை விரதம் மருத்துவமனையிலும் உண்டு. பொதுவாக அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பு சிற்றுணவு நிறுத்தப்படும். தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதிப்பர். மாலைக்குப் பின் உண்ணாத நமக்கு இஃது எளிது. ஆயின் நீரும் அருந்தாத உபவாசத்தில் இருந்தால் அதனை மறவாமல் சொல்லுக. உடல்நீர் வற்றியவருக்கு மயக்கத்தில் குருதி அழுத்தம் சரியக்கூடும். வீடு திரும்பியபின் முதல் இரவு துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும். எழுப்பியும் எழாத உறக்கமோ, தளர்ந்த மூச்சோ கண்டால் உடனே மருத்துவமனையை நாடுக. எஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வைப்பதும் அண்டை வீட்டாருக்கு வழங்குவதும் கூடா. தேவைக்கு மிஞ்சியதை வைத்திராமையே அபரிக்கிரகம்.

பொறையை நாம் கைவிடச் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் எஞ்சி நிற்கும் சிறுவலி, தையல் உறுத்தல், நாள்கணக்கில் தொடரும் தளர்ச்சி, பிறர் உதவியை நாடி நிற்கும் தாழ்வு ஆகியவை யாவும் பொறைக்குரிய களங்களே. அங்கே பொறுப்போம். மனத்தைக் கலக்கித் தீத்தியானத்தில் தள்ளும் வலிக்கு மருந்தை அளவோடு ஏற்போம். நம் அருகில் ஒருவர் வலியால் வருந்தும்போது, முதலில் அவருடைய வலியைத் தணிப்போம். தவத்தைப் பற்றி அவர் நலம் பெற்றபின் பேசுவோம்.

எல்லா உயிரும் நோவின்றி வாழ்க! அருளறம் ஓங்குக!